எண்ணெய்க் கறை படிந்த 'கூ'

என் கண்ணே ராகேலு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் மழை விட்டபாடில்லை; உன் மேல் போட்ட மண் இன்னும் இறுகவில்லை. உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

தேயிலைக் கொழுந்து கொட்டிவைத்த பழைய மடுவத்தில் நீ பிள்ளைகளுக்குச் சீட்டாடச் சொல்லித்தருகிறாய் என்று லயத்து வீடெல்லாம் பேசியது. சம்பளத்தன்று ஆம்பிளைகள் ஆடிக் கெடுவது போதாதா என்று நானும் உன்னோடு சண்டைக்கு வந்தேன். நீ சிரித்துக்கொண்டே கூடை வரைந்த சீட்டை என்னிடம் தந்து, அதன் முதல் ஓசைக்கு ஏற்ற எழுத்தைத் தேடச் சொன்னாய். தரையில் பரப்பியிருந்த சீட்டுகளில் நான் கண்ணை ஓட்டுவதற்குள் செல்லி 'கூ'வை எடுத்துவிட்டாள். எட்டு வயது வாண்டு! அன்றோடு சண்டையை விட்டேன்.

காய்ச்சலில் நீ போனதும், நீ தொட்டதையெல்லாம் கொளுத்தச் சொன்னார் மருந்தக ஐயா. பாய், சேலை, கம்பளி எல்லாவற்றோடும் அந்தச் சீட்டுக் கட்டையும் என் கையாலேயே நெருப்பில் போட்டேன். பதுளைத் துணிக்கடைக்கார நானா துணிச் சுருளுக்குள்ளிருந்து உருவிக் கொடுத்த அட்டைகள். இரண்டு வருடம் பிள்ளைகளின் கை பட்டு ஓரமெல்லாம் நைந்திருந்தன.

அதற்கப்புறம் தோட்டத்துத் துரை, கங்காணி மூலம் சொல்லியனுப்பினார். பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரிகிறதா என்று அவரே வந்து பார்ப்பாராம். தெரியாவிட்டால் மடுவத்தில் உர மூட்டை அடுக்குவார்களாம், பிள்ளைகள் விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்கு வரிசையில் நிற்கவேண்டுமாம். எனக்குப் பயமே வரவில்லை. உன் பிள்ளைகள்தானே? நானாவிடம் அட்டை வாங்கி, நீ வரைந்த அதே படங்களையும் எழுத்துகளையும் நினைவிலிருந்து எழுதினேன். காய்ச்சலுக்குப் பயந்து அதுவரை பிள்ளைகளைக் கூட்டவில்லை. துரை வந்த அன்றுதான் புதுச் சீட்டில் முதல் ஆட்டம்.

கூடைப் படத்தைச் செல்லியிடம் கொடுத்தேன். "கூ" என்று சரியாகத்தான் சொன்னாள். பிறகு தரையில் கிடந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள், ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, 'கூ' சீட்டுல எண்ணெக் கறை இருக்குமே. அதக் காணோமே."

மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான். மூலை கிழிந்த 'ம'வை ஒருவன் தேடினான். துரை எழுந்து போய்விட்டார்.

உனக்கு இது தெரிந்திருந்ததா, ராகேலு? ஒரே சீட்டுக் கட்டை வைத்து இரண்டு வருடம் ஆடினால் பிள்ளைகள் கறையைத்தானே படிப்பார்கள்? கெட்டிக்காரி உனக்கும் தோன்றவில்லை, வாயாடி எனக்கும் தோன்றவில்லை. உன்மேல் கோபம் வருகிறது. செத்தவளைக் கோபிக்கிறேனே என்று அழுகையும் வருகிறது.

மடுவத்தில் இப்போது உர மூட்டைதான். பெரட்டில் செல்லி என் பக்கத்தில் நிற்கிறாள், தலையிலிருந்து முழங்கால் வரை கம்பளிக்குள் ஒடுங்கிக்கொண்டு.

போன ஞாயிறு ஜெபம் முடிந்து அவளை உன்னிடம் கூட்டிவந்தேன். சிலுவையில் நான் தாரால் எழுதியதை விரலால் தடவி, "இதுல என்னக்கா எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

உன் பெயரடி அது. இரண்டு வருடம் டீச்சரக்கா, டீச்சரக்கா என்று உன் காலைச் சுற்றிய பிள்ளைக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை. சொன்னால் எழுத்தை விட்டுவிட்டு அந்தச் சிலுவையையும் அடையாளம் வைத்துக்கொள்வாள்.

ஞாயிறுதோறும் லயத்தில் அவளோடு உட்காருகிறேன். வாரமெல்லாம் மழையில் நின்ற பிள்ளை, சீட்டைப் பிடித்தபடியே தூங்கிவிடுகிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை, ராகேலு. ஆனாலும் ஒரு சத்தியம் செய்கிறேன். சீட்டில் கறை படியும் முன்னே அடுப்பில் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டுவேன். எத்தனை தடவையானாலும் வெட்டுவேன். அவளாகப் படிக்கும்வரை அந்தச் சிலுவையில் இருப்பதைச் சொல்லமாட்டேன்.

அவள் உன் பெயரைக் கூப்பிட்டால் உனக்குக் கேட்குமா?

உன்னைத் திட்டித் திட்டியே வளர்த்த அக்கா,
எஸ்தர்