றெக்கை அம்மனும் வெள்ளி ராஜாவும்

பிப். 5, வியாழன்

பனி. பால் பாக்கெட் ஒழுகல். பாத்திரத்தில் பேர் வெட்டும் ராஜு போன்: "சார், நீங்க தேடுற வீரமுத்து ஆப்ட்டுட்டாரு! குடவாசல் பக்கம் ஒரு வீட்ல. பதக்கத்து ஓரத்துல அதே நம்பர், அதே பேரு."

முதல் உலகப் போர் சிப்பாய் வீரமுத்துவின் வெள்ளிப் பதக்கம் பன்னிரண்டு வருடமாக என்னிடம். ஒரு வெள்ளிக்கடையில் பழைய வெள்ளியோடு பல வருடம் கிடந்து, உருக்கப் போனதை மீட்டது. அதன் ஜோடி வெண்கலத்துக்குப் பெட்டியில் ஒரு குழி காலியாக வைத்திருக்கிறேன்.

மனைவி சரோஜா இருந்தால், "இன்னொரு துருவா?" என்பாள். யாரிடம் சொல்வது? மகனுக்கு வாட்ஸ்அப். நீல டிக் மட்டும்.

பிப். 6, வெள்ளி

7.10 பஸ். வழியெல்லாம் அறுவடை மெஷின், வைக்கோல் தூசி, தும்மல். வீரமுத்துவின் பேத்தி அஞ்சலையம்மாள், எழுபது இருக்கும். பதக்கம் சாமி மாடத்தில்! இறக்கை விரித்து நிற்கும் வெள்ளைக்கார வெற்றித் தேவதை, இவர்களுக்கு றெக்கை அம்மன். வெள்ளிதோறும் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகமே இல்லை. அந்த இடத்தில் குங்குமம். அடப்பாவிகளா!

விலை கேட்க வாயெடுத்தேன். அந்தம்மா முந்திக்கொண்டார்: "தாத்தாவுக்கு வெள்ளியிலயும் ஒண்ணு இருந்துச்சுங்க. சின்னப்புள்ளையில கொலுசு வேணும்னு நான் அடம்புடிச்சேன். வெள்ளிக்கடையில போட்டு உருக்கிட்டாங்க. அந்தப் பாவம் இன்னும் உறுத்துதுங்க."

அது என் சட்டைப் பையில். பையைக் கையால் மூடிக்கொண்டேன். சாப்பிடச் சொன்னார்கள். கத்தரிக்காய்க் குழம்பு. பக்கத்தில் ஆள் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை மாதம்! திரும்பிவிட்டேன்.

பிப். 8, ஞாயிறு

வெயில். இரண்டு டம்ளர் காபி கலந்துவிட்டேன். ஒன்று ஆறிப்போனது. பெட்டியைத் திறந்தேன், மூடினேன். திருட்டுப்பயல் நான். அந்தம்மா சுமப்பதை ஒரு வார்த்தையில் இறக்கியிருக்கலாம். கொடுத்தால் எனக்கு என்ன மிச்சம்? கொடுக்காவிட்டால் மட்டும்?

பிப். 13, வெள்ளி

அதே பஸ். கொடுத்துவிட்டேன். ஓரத்துப் பேரைப் படித்துக் காட்டினேன். அஞ்சலையம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். பிறகு, "என்னங்க இப்புடிக் கறுத்துக் கெடக்கு?" என்று விபூதியை எடுத்தார்.

"ஐயையோ, தேய்க்காதீங்க!"

கேட்டால்தானே. நூறு வருடக் கறுப்பு ஐந்து நிமிடத்தில் போச்சு. பளபளவென்று வெள்ளைக்கார ராஜா தலை, அதற்கும் ஒரு குங்குமம். றெக்கை அம்மன் பக்கத்தில் வைத்தார்.

"எனக்குக் கைவலிங்க. அடுத்த வெள்ளிக்கெழம நீங்களே வந்து தேச்சுக் குடுங்க."

வாங்க வேண்டியது: விபூதி. புளி கால் கிலோ.