முகம் கடைசியில்தான் வரும்

அண்ணா,

தையல் கூடத்தின் பின்கதவைப் பூட்டியது நீதான். தீப்பிடித்தபோது அது திறந்திருந்தது என்று விசாரணையில் நீ சொன்னது பொய். அந்தக் கதவடியில்தான் அக்காவின் உடலை எடுத்தார்கள்.

தீப்பிடித்ததற்கு முந்தின நாள், குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும் அதிவேக ஃபிலிமைச் சோதிக்க நான் அங்கே வந்திருந்தேன். ஃபிளாஷ் போடாமல் எடுத்தேன். "இந்த இருட்டுல என்னடா விழும்? பேய்தான் விழும்," என்றாய். "சூப்பர்வைசர் சார், கொஞ்சம் நகருங்க. அவன் என்னைத்தான் எடுக்கறான்," என்று அக்கா உன்னை முழங்கையால் இடித்தாள்.

அந்தச் சுருளை இப்போதுதான் கழுவினேன். குளியலறை ஜன்னலை மறைத்து, சிவப்பு பல்பு போட்டு, வாளிமேல் பலகை வைத்துப் பிரிண்ட் போடுகிறேன். இருட்டில் எடுத்ததால் படம் முழுக்க மணல் மணலாக இருக்கிறது. தாளை மருந்தில் போட்டால் கறுப்புதான் முதலில் எழும். கதவில் பூட்டு தெரிகிறது. பிறகு உன் கையில் சாவிக்கொத்து. முகம் கடைசியில்தான் வரும். அக்காவின் முகம் வருவதற்குள் தாளை உருவிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

"உள்ள யார்கூடடா பேசிட்டிருக்க?" என்று அம்மா கதவைத் தட்டுகிறாள். அக்காவோடு என்று சொல்லாமல் குழாயைத் திறந்துவிடுகிறேன்.

துணி திருட்டுப் போகுமென்று வேலை நேரத்திலும் பூட்டியே வைக்கச் சொன்ன முதலாளி வேறு ஊரில் புதுக் கூடம் திறந்துவிட்டான். அங்கேயும் நீதான் சூப்பர்வைசராம்.

வீட்டுக்கு வா. உன் கையாலேயே தாளை மருந்தில் போடு. அவள் முழுசாக வரும்வரை நின்று பார். பிறகு விசாரணைக்குப் போய் உண்மையைச் சொல்.

உன் தம்பி