பெயர் கேட்காத கடிதம்

ரங்கூன்,
14 ஜூன் 1926

என் பிரியமுள்ள சௌந்தரிக்கு,

ஆண்டவருடைய தயவால் சுகமாயிருக்கிறேன். நீயும் நம் சாராளும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆலையில் அரிசி மூட்டைகளுக்கு அடியில் பலகை போட்டு வைத்திருக்கிறோம். எங்கள் முதலாளி நாச்சியப்பச் செட்டியார் ஊருக்குப் போய் வந்தார். காரைக்குடியில் வெயில் ஆளைக் கொல்கிறது என்றார்.

உன் கடிதம் வந்தது. சாராளுக்கு முன்பல் விழுந்ததில் எனக்குச் சிரிப்பு. நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் புதிய தலைமை ஆசிரியர் வந்திருக்கிறார், வேதமாணிக்கம் என்று பெயர், மனைவியை இழந்தவர், நன்றாகப் பாடுவார் என்று எழுதியிருக்கிறாய். அவர் பாட்டை நீ எங்கே கேட்டாய்? சும்மாதான் கேட்கிறேன். கானாடுகாத்தானில் செட்டியார் வீட்டுப் பெண்களுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கச் சனிக்கிழமை போகிறாயே, வண்டியில் உன்னோடு வருவது யார்? திரும்புவது எப்போது? முன்பு சின்னச்சாமியின் வண்டி என்று எழுதுவாய். இந்தத் தடவை வெறுமனே வண்டி என்று எழுதியிருக்கிறாய்.

கோபப்படாதே. கடலுக்கு அக்கரையில் இருப்பவன் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது.

உன் பிரியமுள்ள,
யேசுவடியான்


காரைக்குடி,
2 ஜூலை 1926

அன்புள்ள அத்தானுக்குச் சௌந்தரி எழுதிக்கொண்டது.

நாங்கள் சுகம். நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில். அவர் பாடியது ஞாயிறு ஆராதனையில். சபையார் எல்லோரும் கேட்டோம். வண்டி சின்னச்சாமியின் வண்டிதான். என்னோடு வருவது தையல் சொல்லிக்கொடுக்கும் ஒச்சம்மாள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறோம்.

இதுவரை முந்தாநாள் எழுதினேன். தபாலில் போடுவதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

நேற்றுக் காலையில் சின்னச்சாமி வண்டி இல்லாமல் வந்து வாசலில் நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தாயி, அய்யா ஆலையில வேல பாக்குற இராமு ரங்கூன்லருந்து வந்திருக்காப்ல. ஒங்க வீட்டய்யா ஒரு சேதி சொல்லிவிட்டாகளாம். நீங்க எங்குட்டுப் போறீக, எப்பத் திரும்பி வாரீக, பெரிய வாத்தியாரு இங்குட்டு வாராகளான்னு நான் பாத்துச் சொல்லணுமாம்."

"இராமு தப்பாப் புரிஞ்சிருப்பாரு" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். திரும்பவும் கேட்டேன். ஒங்க வீட்டய்யாவே சொன்னதுதான்னு அடிச்சுச் சொல்றாப்ல. எனக்கு அந்தப் பாவம் வேண்டாம் தாயி. நீங்க வேற வண்டி பாத்துக்கிருங்க."

அவர் போனபின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் கரும்பலகையைப் பார்த்தே கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். வண்டிக்காரர் பார்த்து இரக்கப்படுகிற பெண்ணாகிவிட்டேன். அதைச் செய்தது நீங்கள்.

அத்தான், யோசேப்பு மரியாளைச் சந்தேகித்துத் தள்ளிவிட நினைத்தபோது, அவள் குற்றமற்றவள் என்று சொல்ல அவருக்குக் கனவில் தேவதூதன் வந்தான். உங்களுக்கு எந்தத் தூதனும் வரப்போவதில்லை. என் வார்த்தை மட்டும்தான் உண்டு. அது போதாது என்றால் ஆயிரம் வண்டிக்காரர்கள் சொன்னாலும் போதாது.

ஒன்று செய்யுங்கள். இப்படி ஒரு நினைப்பு வரும்போது என்னிடம் கேட்காதீர்கள். முழங்கால் போட்டு, அதை அப்படியே, ஒரு வார்த்தையையும் பூசி மெழுகாமல், ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரிடம் சொல்லக் கூசுகிற வார்த்தையை எனக்கு எழுதாதீர்கள். இனி அப்படி ஒரு கேள்வி வந்தால் நான் பதில் எழுத மாட்டேன். மிஷனில் வலையபட்டிக்கு மாற்றல் கேட்டுக்கொண்டு சாராளோடு போய்விடுவேன்.

இப்படிக்கு,
ஞானசௌந்தரி


ரங்கூன்,
17 ஜூலை 1926

சௌந்தரிக்கு,

இராமுவிடம் சொல்லியனுப்பியது உண்மைதான். மறுத்து ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் அப்பா வேலைக்குப் போகும்போது வாசற்படியில் சாம்பலைத் தூவிவிட்டுப் போவார். திரும்பி வந்து குனிந்து காலடித் தடம் பார்ப்பார். கோழி நடந்திருந்தாலும் அம்மாவுக்கு அடி விழும். அம்மா சாம்பலை மிதிக்காமல் வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க இருப்பாள். அப்போதும் அடி விழும், தடத்தை ஏன் அழித்தாய் என்று. நான் ஞானஸ்நானம் பெற்றபோது அந்த வீட்டை விட்டு வெளியேறிவிட்டதாக நினைத்தேன். இப்போது கடலுக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு உன் வாசலில் சாம்பல் தூவுகிறேன்.

நீ சொன்னபடி செய்து பார்த்தேன். அறையில் மற்றவர்கள் இருப்பதால் ஆலையில், உமிக் கிடங்குக்குப் பின்னால் முழங்கால் போட்டேன். இயந்திரச் சத்தத்தில் நான் பேசுவது யாருக்கும் கேட்காது. "ஆண்டவரே, என் மனைவி" என்று தொடங்கினேன். மேலே வாய் வரவில்லை. எழுதும்போது எவ்வளவு சுலபமாக வந்தது.

ஆனால் எழுந்து வெளியே வந்ததும் அந்தச் சந்தேகம் திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறது. சாப்பிடும்போது வருகிறது, மூட்டை எண்ணும்போது வருகிறது. என்னால் முடியவில்லை சௌந்தரி. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடு, அதோடு விட்டுவிடுகிறேன். அவர் நம் வீட்டுக்குள் எப்போதாவது வந்ததுண்டா? ஆம், இல்லை என்று எழுதினால் போதும்.

யேசுவடியான்


ரங்கூன்,
9 ஆகஸ்ட் 1926

சௌந்தரிக்கு,

கப்பல்கள் வந்துவிட்டன. உன் கடிதம் மட்டும் இல்லை. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. வலையபட்டிக்குப் போய்விட்டாயா? சாராள் சுகமா என்று மட்டுமாவது யாரையாவது விட்டு எழுதச் சொல்.

யேசுவடியான்


காரைக்குடி,
24 ஆகஸ்ட் 1926

அத்தான் அவர்களுக்கு,

பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். மாற்றலுக்கு மனுவும் எழுதி வைத்துவிட்டேன். பிள்ளையின் தகப்பனுக்குத் தெரிய வேண்டியது என்பதால் இதை எழுதுகிறேன். சாராள் இப்போது நன்றாயிருக்கிறாள். அதை முதலில் படித்துக்கொள்ளுங்கள்.

சின்னச்சாமியின் வண்டி நின்றபின் நானும் ஒச்சம்மாளும் கிடைத்த பாரவண்டியில் கானாடுகாத்தான் போய் வருகிறோம். அதில் முன்புபோல் பிள்ளையை ஏற்ற முடியாது. போன சனிக்கிழமை அடுத்த வீட்டு அக்கம்மாளிடம் விட்டுப் போனேன். அக்கம்மாள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் சாராள் மற்றப் பிள்ளைகளோடு ஊருணிக்குப் போயிருக்கிறாள். பாசி வழுக்கி உள்ளே விழுந்துவிட்டாள். பிள்ளைகள் போட்ட கூச்சலைக் கேட்டு, அந்த வழியாக வந்த ஒருவர் குதித்துத் தூக்கினார். நான் திரும்பி வந்து தெருவில் கால் வைத்தபோது அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கை தொங்கிக்கொண்டிருந்தது. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"மூச்சு இருக்கும்மா. கதவத் தெறங்க" என்றார்.

திறந்தேன். நம் வீட்டுக்குள் வந்தார். கட்டிலில் கிடத்தி, கவிழ்த்து, அவள் குடித்திருந்த தண்ணீரை வெளியே வரவைத்தார். கம்பவுண்டர் வரும்வரை இருந்தார். உடம்பெல்லாம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு மாற்றிக்கொள்ள உங்கள் வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. அவர் வேதமாணிக்கம் என்றும் சொல்லவில்லை, அல்ல என்றும் சொல்லவில்லை. உங்கள் மனசைச் சமாதானப்படுத்தும் பெயராக இருந்தாலும் எழுத மாட்டேன்.

வண்டியை நிறுத்தியது உங்கள் சந்தேகம், அதனால்தான் பிள்ளை தண்ணீரில் விழுந்தது என்று என் மனசு ஓயாமல் சொல்கிறது. அதை நானும் முழங்காலில் நின்றுதான் சொல்கிறேன். இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆகையால் உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உங்களையும் ஆண்டவரிடமே சொல்லச் சொல்கிறேன்.

ஞானசௌந்தரி


ரங்கூன்,
8 செப்டம்பர் 1926

என் சௌந்தரிக்கு,

என் பிள்ளை பிழைத்தாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

உன் கடிதத்தை ஆலை வாசலில் பிரித்தேன். பிள்ளை தண்ணீரில் விழுந்தாள் என்று படித்தபோது வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். அடுத்த பக்கத்துக்கு வந்தபோது பிள்ளையை மறந்துவிட்டேன். ஒரு மனிதன் என் வேட்டியைக் கட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், நீ அவன் எதிரில் நின்றுகொண்டிருந்தாய். கண்ணுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. காகிதத்தை எடுத்து, அவன் பெயர் என்ன என்ற கேள்வியை எழுதிவிட்டேன். மை காய்வதற்குள் உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். அதில் நாற்காலியே இல்லை. நீ எழுதவில்லை. என் மனசே அதைக் கொண்டுவந்து போட்டு, ஆளையும் உட்காரவைத்திருக்கிறது. இத்தனை நாளும் நான் உண்மை என்று பிடித்துக்கொண்டிருந்ததெல்லாம் இப்படித்தான் வந்திருக்கிறது.

உமிக் கிடங்குக்குப் பின்னால் போனேன். இந்தத் தடவை நிறுத்தாமல் சொன்னேன். "ஆண்டவரே, என் மகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிய கையை நான் சந்தேகப்படுகிறேன். அவளைப் பெற்றவளைச் சந்தேகப்படுகிறேன்." வெளியே சொன்னபோது அது என் காதிலேயே விழுந்தது. அப்பாவின் குரல் மாதிரி இருந்தது.

நீ குற்றமற்றவள் என்று எனக்குக் காட்டும்படி கேட்கத்தான் வந்திருந்தேன். அவர் எதையும் காட்டவில்லை. வேறொரு நினைப்பு வந்தது. என் உள்ளே இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இராமுவிடம் நான் சொன்ன வார்த்தை தெரியும், சற்றுமுன் எழுதிய கேள்வி தெரியும். தெரிந்தும் அவர் என்னைத் தள்ளவில்லை. அப்படிப்பட்டவர் முன்னால் மண்டியிட்டிருக்கும் நான் எதைக் காவல் காக்கிறேன்? நெடுநேரம் அழுதேன். மேஸ்திரி வந்து, "என்னய்யா, ஊர்ல யாரும் தவறிட்டாகளா?" என்று கேட்டார். "பொழச்சுட்டாக" என்றேன்.

எழுதிய காகிதத்தை உமி அடுப்பில் போட்டேன். அந்த நினைப்பு செத்துவிட்டது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதுகூட வந்தது. வந்தால் அதை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறேன். அங்கே அதற்கு நிற்கத் தெம்பில்லை.

சின்னச்சாமிக்கும் இராமுவுக்கும் தனியே எழுதியிருக்கிறேன், தவறு என்னுடையது, உன்மேல் எதுவும் இல்லை என்று. என் மகளைத் தூக்கியவரிடம் என் நன்றியைச் சொல். அந்த வேட்டியை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

கிறிஸ்மஸுக்கு வர முதலாளியிடம் விடுப்புக் கேட்கலாமா? நீ வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

யேசுவடியான்


காரைக்குடி,
26 செப்டம்பர் 1926

அன்புள்ள அத்தானுக்கு,

தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்தபோது பிரிக்கப் பயமாயிருந்தது. இரண்டு வருஷமாகவே அப்படித்தான். பிரிக்காமல் அடுப்படியில் வைத்துவிட்டு, சாராளைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினேன். பிறகு பிரித்து, படிக்காமல், அந்தக் கேள்வியைத்தான் முதலில் தேடினேன். மடிப்பின் உள்ளேயும் பின்பக்கத்திலும் தேடினேன். இல்லை. அதன்பின்தான் முதல் வரியிலிருந்து படித்தேன்.

உங்கள் நன்றியை அவரிடம் சொன்னேன். "புள்ள நல்லாருக்குல்ல, அது போதும்மா" என்றார்.

மாற்றல் மனுவைக் கொடுக்கவில்லை. ஆனால் என் பயம் ஒரே கடிதத்தில் போய்விடவில்லை, அத்தான். நீங்கள் நேரில் வந்து நிற்கும்போது உங்கள் கண் வீட்டைச் சுற்றுமோ என்று இப்போதே நினைக்கிறேன். உங்கள் ஜெபத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக நானும் ஆண்டவரிடம் கேட்கிறேன்.

விடுப்புக் கேளுங்கள். திருச்சினாப்பள்ளியிலிருந்து மோட்டார் பஸ் வருகிறது. உங்களை அழைத்துவர நான் எதிரில் வர மாட்டேன். நீங்களே நடந்து வாருங்கள். அது உங்கள் வீடுதான், ஆனாலும் கதவைத் தட்டிவிட்டு நில்லுங்கள். நான் வந்து திறக்கிறேன்.

உங்கள்,
சௌந்தரி