வலது கையை விட்டுவைத்தவனுக்கு

சொன்னால் சிரிப்பாய். இன்று விடியற்காலையில் உன் பழைய மல்யுத்தச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையணையைக் கீழே தள்ளி அதற்குத் தோள்பூட்டு போட்டுக்கொண்டிருந்தேன். காப்பியோடு வந்த என் மனைவி, தலையணை ஜெயிக்குதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சட்டையில் இன்னும் வலித் தைலமும் நீ மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையின் வார்னிஷும் கலந்த வாடை. நீ போய் இரண்டு மாதம் ஆகியும் துவைக்க மனசு வரவில்லை. சோம்பலும் ஒரு காரணம்.

பயம் பாய். பத்து மணிக்குப் போட்டி இருந்தது. உன்னைக் கொண்டுபோன நெஞ்சு வலி வருவதற்கு முந்தின வாரம் நீதானே நம் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்துத் தொலைத்தாய்.

நம் பயிற்சிக் கூடத்து வழக்கம் உனக்குத் தெரியும். விரிப்பில் இறங்குமுன் அவரவர் பிழைப்பு நடத்தும் வேலைக்கை எது என்று சொல்லிவிடுவோம். அந்தக் கையை யாரும் பூட்ட மாட்டோம். எனக்குத் தறியில் நாடா ஓட்டும் வலது கை. அதனால் மூன்று வருடமாக என் இடது தோளை நீ படுத்தின பாடு கொஞ்சமில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, மறுகையை என் கைக்கு மேல் சுற்றிவிட்டால் பிறகு விடவே மாட்டாய். நான் கையை இடுப்புப் பட்டையில் ஒளித்தால் அதே பிடியால் புரட்டுவாய். நீட்டினால் முழங்கைக்குப் போவாய். எழுந்தால் முதுகில் ஏறுவாய். “பூட்டறது கடைசி வேலைடா. பிடிச்சிக்கினு இரு, அவனே வழி காட்டுவான்” என்பாய்.

வலது கையைப் பிடிக்க பயமா பாய் என்று ஒருநாள் சீண்டினேன். நீ சிரிக்கவில்லை. “அது உன் கை இல்லடா, உன் வூட்டு சோறு. அதும் மேல நான் கை வெக்க மாட்டேன்.”

இன்று எதிரில் நின்றவர் தாமலிலிருந்து வந்த பரோட்டா மாஸ்டர். பழக்க தோஷத்தில் “எனக்கு வேலைக்கை வலதுபா” என்றேன். மரியாதையாகத் தலையாட்டினார். விசில் ஊதியதும் நேராக வலது மணிக்கட்டைப் பிடித்தார். அவர்கள் பக்கம் அந்த வழக்கம் கிடையாது.

அந்தக் கைக்கு ஒன்றுமே தெரியவில்லை பாய். பட்டையில் ஒளித்தேன், புரட்டினார். அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது, எல்லாம் நீ போட்ட பிடிதான். தறியில் முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறது. சுவரில் ஒட்டிய பட்டியலில் என் பெயருக்குக் கீழே உன் பெயர், பக்கத்தில் ‘வரவில்லை’. உனக்காக ஒரு ஆட்டமாவது ஜெயிக்க நினைத்துத்தான் போனேன். கை முதுகுப் பக்கம் திரும்ப ஆரம்பித்ததும் தோற்றேன் என்று விரிப்பை மூன்று முறை தட்டிவிட்டேன்.

உடனே விட்டுவிட்டார். “வேலைக்கைன்னு சொன்னீங்க, ஏன்னு புரியலண்ணே.” தறியைச் சொன்னேன். முகம் சுண்டிப்போய், மாவு பிசைகிற மாதிரி என் தோளை அரைமணி நேரம் பிசைந்தார்.

இனிப் பயிற்சியில் வலது கையையும் மெதுவாகப் பிடிக்கச் சொல்லி நம் ஆட்களிடம் கேட்டிருக்கிறேன். கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இருந்தாலும் மூன்று வருடம் நீ தொடாமல் காத்த கை அது. அதை நினைக்காமல் இனி நாடா ஓட்ட முடியாது.

வீட்டுக்கு வந்ததும் தறியில் உட்கார்ந்து பார்த்தேன். வலது கை நன்றாக ஓடியது. ஆட்டத்தில் பிய்ந்த இடது கை நகம் பாவு நூலில் மாட்டிப் பதினோரு இழை அறுந்தது. எடுத்துக் கட்டினேன்.