பாங்காக்கில் ஒரு காக்கை கிடைக்கவில்லை

என்னை நிறுத்திவிட்டு முன்னால் கிளம்பிப்போன என் அருமை வீட்டுக்காரருக்கு,

நான் பாங்காக் போய்விட்டு வந்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் பெயர் கொடுத்திருந்தோமே, அதே திண்டிவனம் குழுவோடுதான். சாம்பார்ப் பொடியும் சமையல்காரரும் கூடவே வர, வண்டி நிறைய நம் ஜனங்கள். பக்கத்து இருக்கையில் என் கைப்பையை வைத்துக்கொண்டேன். வெளியூருக்கென்றே நீங்கள் தனியாக எடுத்து வைத்திருந்த சட்டை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

பாங்காக் என்றாலே உங்கள் சேக்காளிகள் கமுக்கமாகச் சிரிப்பார்கள். "பொண்டாட்டியக் கூட்டிக்கினு பாங்காக் போற ஒரே ஆளு நீதான்யா" என்று கலாய்ப்பார்கள். "எனக்கு அந்த ஆத்துல போட்டுல போவணும், அவ்ளோதான்" என்பீர்கள் நீங்கள். அந்த ஆசைக்காகத்தான் நானும் பெயரை எடுக்காமல் விட்டேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது. முகையூரிலிருந்து உங்கள் தங்கை செல்வி வந்தாள்.

"இன்னும் வருசம் திரும்பல அண்ணி. நடுவுல அமாவாச வேற வருது. அண்ணனுக்குச் சோறு வெக்காம ஊர் சுத்திக்கினு இருக்கப் போறீங்களா?"

"அங்கயே வெக்கிறேன் செல்வி."

"அங்க எந்தக் காக்கா வந்து எடுக்கும்?" என்று கேட்டவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

நீங்கள் போனதிலிருந்து அமாவாசைதோறும் அவளும் நானும்தான் மாடியில் சோறு வைத்துவிட்டுக் காக்கைக்குக் காத்திருப்போம். அதன் பிறகுதான் எங்கள் வாயில் பருக்கை போகும். எனக்கு மிஞ்சிய துணை அவள். அவளும் போய்விட்டால் நான் யாரோடு உங்களைப் பற்றிப் பேசுவேன்?

சரி, ஊரைப் பற்றிக் கேளுங்கள். உள்ளதைச் சொன்னால், முதல் நாள் எனக்குப் பிடிக்கவே இல்லை. நம் கத்திரி வெயில்தான் அங்கேயும், புழுக்கம் மட்டும் கூடுதல். தெருவெல்லாம் மீன் வாடை. தலைக்கு மேலே ரயில் பறக்கிறது, கீழே கார்கள் அசையாமல் நிற்கின்றன. ஆனால் ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை! நீங்கள் மட்டும் அங்கே வண்டி ஓட்டியிருந்தால் ஊரே திரும்பிப் பார்த்திருக்கும்.

மறுநாள் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்தோம். ஒரு தெரு நீளத்துக்குத் தங்கமாகப் படுத்திருக்கிறார். அரைக்கால் சட்டை போட்டு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தித் துணி சுற்றி உள்ளே அனுப்பினார்கள். என் சேலைக்கு ராஜமரியாதை. வெளியே வந்தால், பப்பாளிக்காயைச் சீவி மிளகாயோடு இடித்து, மேலே வேர்க்கடலை, அதுதான் நம் மல்லாட்டை, தூவி விற்கிறார்கள். கண்ணில் நீர் வழிய வழியத் தின்றேன். மல்லாட்டை என்னவோ நம் நிலத்துக் காய்க்கு ஈடாகாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

சாயங்காலம் உங்கள் ஆற்றில் படகில் போனேன். ஒரு பெரிய படகு கடந்து போனபோது அலை எழும்பி என் முகத்தில் அடித்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நீங்கள் போன பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை. உடனே செல்வியின் முகம் கண் முன்னால் வந்தது. நான் சிரித்தது தப்பாங்க?

அதற்கு அடுத்த நாள் அமாவாசை. சமையல்காரர் என் மனசு தெரிந்து சோறு, பருப்பு, வாழைக்காய், வடை எல்லாம் செய்து கொடுத்தார். ஓட்டலின் பின்பக்கம் இலையோடு நின்று "கா... கா..." என்று கூப்பிட்டேன். போகிறவர் வருகிறவரெல்லாம் என்னைப் பார்த்தார்களே தவிர, ஒரு காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

அப்போது மாலி வந்தாள். எங்களுக்கு ஊர் சுற்றிக்காட்டிய அந்த ஊர்ப் பெண், என் வயது இருக்கும். நம் ஆட்களோடு சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தாள். "என்ன அக்கா? காணோமா?" என்றாள். பாதி பேச்சிலும் பாதி சைகையிலும் விஷயத்தைச் சொன்னேன். புரிந்ததும் என் கையைப் பிடித்து ஓட்டல் வாசலுக்கு அழைத்துப் போனாள்.

அங்கே ஒரு கம்பத்தின் மேல் பொம்மை வீடு மாதிரி ஒரு குட்டிக் கோயில். அதன் முன்னால் வரிசையாகச் சிவப்புக் கலர் சோடா பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்ட்ரா. "இந்த மண்ணு, பழைய ஆள். அவங்க குடிக்க" என்றாள் மாலி. அந்த மண்ணைக் காக்கும் பழைய ஆவிக்குப் படையலாம். மேல்மலையனூர் போய்த் திரும்பும்போதெல்லாம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது அதே சிவப்புக் கலர்தானே!

மாலி ஓடிப்போய் இன்னொரு பாட்டில் வாங்கி வந்தாள். குட்டி வீட்டுக்காரரிடம் கைகூப்பி என்னவோ சொன்னாள். "கேட்டேன். சரி, வெக்கலாம்" என்றாள். நான் இலையை விரித்தேன். பஸ்ஸிலிருந்து சத்தம் வந்தது: "அஞ்சலக்கா, ஜல்தி வாங்க! எல்லாரும் ஒக்காந்துக்கினு இருக்கோம்!"

நான் அசையவில்லை. கடைசியில் ஒரு மைனா வந்தது. என்னை ஒரு பக்கமாகத் தலை சாய்த்துப் பார்த்தது. வடையைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. மைனா எடுத்தால் சேருமா, சேராதா? பஸ்ஸில் சாப்பிட்ட சோறு எனக்கு இறங்கவில்லை.

ஊர் திரும்பிய அன்றே செல்வி வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"காக்கா எடுத்துச்சா அண்ணி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். உங்கள் விஷயத்தில் அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "காக்காவே வரல செல்வி. ஒரு மைனாதான் வடையத் தூக்கிக்கினு போச்சி" என்றேன்.

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"அப்ப வந்தது அண்ணன்தான் அண்ணி. வெளியூருக்கு என்னிக்கு அது வீட்டுச் சட்டையோட போயிருக்கு? மாத்திக்கினுதான போவும்!"

இரண்டு பேரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம். "அடுத்த வாட்டி நானும் வர்றேன்" என்று அவளே சொன்னாள்.

வருகிற அமாவாசைக்கு மாடியில் சோற்றோடு ஒரு சிவப்புக் கலரும் இருக்கும், ஸ்ட்ரா போட்டு. இனி எந்த ஊருக்குப் போனாலும் உங்களுக்கு இலை போடுவேன். நீங்கள் எந்தச் சட்டையில் வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும் செல்வியின் அண்ணியுமான
அஞ்சலை