தண்ணீர் இல்லாமல் ஓடிய ஒரு நிமிடம்

கிள்ளான்
20 ஏப்ரல்

அன்புள்ள லோகனுக்கு,

இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வந்து வெயிலோடு போகிறது, அவ்வளவுதான். நீயும் விஷ்ணுப்ரியாவும் அந்தக் கனடாக் குளிரிலிருந்து ஒருவழியாக வெளியே வந்து நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது ஒருநாள் மோட்டார் சைக்கிளில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டாய். 'அப்பா, பிள்ளைங்க தப்பு பண்ணா நீங்க நிக்க வைக்கிறீங்க, வாத்தியாரு தப்பு பண்ணா யாரு நிக்க வைப்பா?' என்று. வாத்தியார் தப்பு பண்ண மாட்டார், கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார் என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். உனக்கு அது ஞாபகம் இருக்காது. எனக்கும் இத்தனை வருடம் இல்லை. இந்த மூன்று வாரமாகத்தான் சாப்பிட உட்கார்ந்தாலும் பேப்பர் படித்தாலும் அந்தக் கேள்வி பின்னாலிருந்து கேட்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்தான் நீ வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய், பனிக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த உன் படகு இன்ஜினை எப்படி எழுப்புவது என்று. கூடவே, 'இங்க உள்ள மெக்கானிக்க நம்ப முடியலப்பா, உங்க அசாருதீன் மாதிரிதான் இருப்பானுங்க, நீங்களே சொல்லிக் குடுங்க' என்றும் எழுதியிருந்தாய். நான் பதில் போடவில்லை. அப்பாவுக்கு போன் சரியில்லை என்று அம்மா உன்னிடம் சொன்னது என்னைக் காப்பாற்ற. போன் நன்றாகத்தான் இருக்கிறது. போனில் பேசினால் நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன், அதில் எனக்கு முப்பத்தொரு வருட வாத்தியார் அனுபவம் உண்டு. அதனால்தான் கடிதம். பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை படி, ஐயா.

போன வருடம் என் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நம் படகு எட்டு மாதம் டிரெய்லரிலேயே கிடந்தது உனக்குத் தெரியும். கார் நிற்க வேண்டிய இடத்தில் படகு நிற்கிறது என்று அம்மா திட்டாத நாள் இல்லை. அக்டோபரில் கன்னையா மாமா இனியாவது தண்ணீரில் இறக்குவோம் என்று பிடிவாதம் பிடித்தார். படகில் பாதி அவருடையது, ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு வேறு வேலையும் இல்லை. கேரி தீவுப் பாலத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் அழகிரியிடம் சொன்னோம், அவர் தன் ஆளை வீட்டுக்கே அனுப்பினார். அவர்தான் அசாருதீன். தொண்டிப் பக்கத்துக்காரர், முப்பத்து நான்கு வயது, வேலை பெர்மிட்டில் இந்த நாட்டுக்கு வந்தவர். நீ அவரை வீடியோவில்கூடப் பார்த்ததில்லை. அவர் வேலை செய்த விதத்தை நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். முதலில் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்தார். என் மூக்குக்கு நேரே பிடித்து, 'மோந்து பாருங்க சார், இது பெட்ரோலா வார்னிஷா?' என்று கேட்டார். கெட்டுப்போன பெட்ரோல் பசைபோலப் படிந்திருந்த கார்புரேட்டரைக் கழற்றி ஊசித் துளை ஊசித் துளையாகச் சுத்தம் செய்தார், புது பிளக் போட்டார், கியர் ஆயிலை வடித்து அதில் பால் நிறம் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார், பால் நிறம் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருளாம். கடைசியாக அடியில் இருக்கும் தண்ணீர் பம்பைத் திறந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். எட்டு மாதம் காய்ந்து விறைத்திருந்தது. புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு, 'இதுதான் சார் இன்ஜினுக்குத் தண்ணி இறைக்குது. தண்ணி குடுக்காம ஒரு நிமிஷம் ஓட்டுனீங்கன்னா கருகிடும். எதை மறந்தாலும் இதை மறந்துடாதீங்க' என்றார். தரையில் ஓட்டிப் பார்ப்பதற்கென்று ஒரு கருவி உண்டு, பாட்டுக் கேட்கும்போது காதில் மாட்டுவோமே அதுபோல இருக்கும், அதை இன்ஜினின் இரண்டு பக்கத் துளைகளிலும் மாட்டித் தோட்டக் குழாயைச் செருக வேண்டும். அதையும் மாட்டிக் காட்டி, என்னையே ஒருமுறை செய்யவைத்துவிட்டுத்தான் போனார். என்னைவிட நல்ல வாத்தியார்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், அம்மாவின் தையல் மிஷினில் தொடங்கி கார்வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டும்போது ஒவ்வொன்றையும் ஓடவிட வேண்டும். படகுக்கும் வைத்தோம். டிரெய்லரைச் சுற்றி அம்மா பெரிய கோலம் போட்டிருந்தாள், விடியற்காலையில் எழுந்து வலிக்கிற முழங்காலோடு போட்டது. தண்ணீர்க் குழாய் பின்கட்டில் இருந்தது, அதை இழுத்து வந்து திறந்தால் கோலம் கரையும், நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது. அம்மா தட்டோடு நின்றுகொண்டே, 'அந்தத் தம்பி தண்ணி இல்லாம ஓட்டக்கூடாதுன்னு சொல்லிச்சே' என்றாள். ஒரு நிமிடம்தானே, எனக்குத் தெரியும் என்று சொல்லிச் சாவியைத் திருப்பினேன். எனக்குத் தெரியும் என்கிற அந்தச் சொல்லை நான் வகுப்பில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ தெரியவில்லை. கற்பூரம் அணையும்வரை ஓடவிட்டேன். நிறுத்தியபோது ரப்பர் கருகிய வாடை வந்தது. அம்மாவுக்கும் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கன்னையா மாமாவும் கடலுக்குப் போனோம். கேரி தீவின் செம்பனை மரங்கள் சின்னதாகத் தெரிகிற தூரம் போனதும் இன்ஜின் கத்த ஆரம்பித்தது, புகை வந்தது, நின்றுவிட்டது. ஓதம் இறங்கி வற்றுகிற தண்ணீர் எங்களை இன்னும் வெளியே இழுத்துக்கொண்டு போனது. மாமாவுக்குச் சர்க்கரை நோய், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று ஒன்றும் எடுத்துவரவில்லை. ஒரு மணிக்கெல்லாம் அவர் கை நடுங்கி, பேச்சுக் குழறி, படகின் அடியில் படுத்துவிட்டார். என் பையில் இருந்த ஒரு மைலோ பானப் பாக்கெட்டை உறிஞ்ச வைத்தேன். இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் நான் யாருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேனோ, ஒரு நண்டுக்காரர் பார்த்து எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

மறுநாள் பட்டறையில் நடந்ததுதான் நான் உன்னிடம் மாற்றிச் சொன்னது. மாமா வாசலிலேயே கத்தினார், 'ஏய், வேல பாத்தியா இல்ல எங்கள சாவடிக்கப் பாத்தியா?' என்று. அசாருதீன் பம்பைத் திறந்தார். ரப்பர் சக்கரம் கரித்துண்டுகளாகக் கொட்டியது. புதுச் சக்கரம் போட்டாயா இல்லையா என்று அழகிரி கேட்டார். 'போட்டேண்ணே.' 'புதுசு போட்டா ஒரு வாரத்துல எப்படிடா இப்படி ஆவும்?' அசாருதீன் கையில் துண்டுகளை வைத்துக்கொண்டு இன்ஜின் மூடியைப் பார்த்தார். அதில் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் கடல் தண்ணீர் பட்டும் போகாமல் இருந்தன. பிறகு என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவர் திரும்பி, 'என் தப்பாத்தாண்ணே இருக்கும்' என்றார். அப்போதுகூட நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சரி விடுங்க அழகிரி, எல்லாரும் தப்பு பண்றதுதான், மனசுல வெச்சுக்க வேண்டாம் என்று சொன்னேன். அவரை மன்னித்தேன், லோகா. என் தப்புக்கு நான் அவரை மன்னித்தேன். வாத்தியாருக்கு இருக்கிற மனசு யாருக்கு வரும் என்று அழகிரி சொன்னார், நான் அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை நீ வீடியோவில் கேட்டபோது மெக்கானிக் கவனமில்லாமல் வேலை செய்துவிட்டான் என்றேன். எனக்காகக் கோபப்பட்டு நீ கனடாவிலிருந்தே அந்தப் பட்டறையின் இணையப் பக்கத்தில் அசாருதீன் பெயரைப் போட்டு, இவன் கையில் இன்ஜினைக் கொடுக்காதீர்கள், என் அப்பா செத்திருப்பார் என்று எழுதி, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டாய். உன்மேல் ஒரு தப்பும் இல்லை, அப்பா சொன்னதை நம்பினாய். மூன்று வாரத்துக்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும்போது மாமா சாதாரணமாகச் சொன்னார், நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு மூன்று பேர் தங்கள் இன்ஜினை அவன் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், அதனால் அழகிரி அவரை இன்ஜின் பக்கமே விடாமல் படகுகளின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்ட வைத்திருக்கிறாராம், மே மாதத்தோடு பெர்மிட் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லையாம். 'நல்லதாப் போச்சு லா, ஊருக்குப் போவட்டும்' என்றார் மாமா. மோர் டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். மறுநாள் காலையில்தான் உன் செய்தி வந்தது.

நான் எல்லா வகுப்பிலும் ஒரு உதாரணம் சொல்வேன், உனக்கும் சொல்லியிருக்கிறேன். கண்ணம்மா என்ற மூன்றாம் ஆண்டு மாணவி, யாரும் இல்லாதபோது பள்ளிக்கூடத்து உலக உருண்டையைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்றாள். ஒன்பது வயது. அவளைப் புகழ்ந்து புகழ்ந்தே எனக்கு நல்லாசிரியர் என்று பெயர் வந்தது. எழுந்து நிற்பது அவ்வளவு சுலபமில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. உன் இன்ஜின் பனியில் கிடந்த ஆறு மாதமும் நான் உட்கார்ந்தேதான் இருந்தேன். உன் செய்தி வந்த பிறகும் இரண்டு வாரம், நாளைக்கு நாளைக்கு என்று. அசாருதீன் பெயர் வந்தால் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

போன செவ்வாய்க்கிழமை போனேன். கொளுத்துகிற வெயிலில் அவர் ஒரு படகின் அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார், தாடியெல்லாம் சிப்பித் தூள். அழகிரி நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. அசாருதீனையும் கூப்பிடச் சொல்லி, இரண்டு பேர் முன்னாலும் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கோலம் உட்பட. அழகிரி முதலில் சிரித்தார், 'என்னா வாத்தியாரே, காமெடி பண்றீங்களா?' என்று. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 'ஆறு மாசமா இவன நாயி மாதிரி திட்டிக்கிட்டு இருக்கேன் லா' என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். உங்களுக்கு அன்றைக்கே தெரியும்தானே என்று அசாருதீனிடம் கேட்டேன். தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறதோ. 'நான் சொன்னா எடுபடுமா சார்? நீங்க வாத்தியாரு, நான் பெர்மிட்டு.' பிறகு, 'நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். மொத ஒரு வாரம் நெனச்சேன்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு அடி கொடுத்திருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. கிளம்பும்போது அவரிடமே இன்னொன்றும் கேட்டேன், என் மகனின் இன்ஜின் ஆறு மாதம் பனியில் கிடக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று. யார் அந்த மகன், எங்கே என்ன எழுதியவன் என்று அவருக்குத் தெரியும். சிப்பித் தூளைத் துடைத்துவிட்டு நின்றபடியே சொன்னார். பழைய பெட்ரோலை வைத்துக் கிளப்ப வேண்டாம், முழுக்க வடித்துவிடச் சொன்னார். மூடியைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா, ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அங்கே குளிர் என்பதால் கியர் பெட்டியில் தண்ணீர் இருந்தால் உறைந்து வெடிப்பு விட்டிருக்கும், ஆயிலைக் கட்டாயம் பார்க்கச் சொன்னார். ரப்பர் சக்கரத்தைப் பார்க்காமலே மாற்றிவிடச் சொன்னார். இதெல்லாம் என் அறிவு இல்லை.

வியாழக்கிழமை மாமாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். 'ஊரு பூரா அந்தப் பயல திட்டி வெச்சிருக்கேன், எனக்கு எழுபது வயசு லா, இனிமே எத்தன பேருகிட்டப் போயி மாத்திச் சொல்றது?' என்றார். வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை.

அழகிரி பெர்மிட் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் நீ எழுதியது அங்கே இருக்கும்வரை இன்ஜினை அவரிடம் கொடுக்க ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம், சுரண்டுகிற வேலைக்கு மட்டும் பெர்மிட் எடுக்கத் தனக்கு வழியில்லை என்றும் சொன்னார். பாரம் மாதக் கடைசிக்குள் போக வேண்டும். நான் இருபது பேரிடம் சொல்லலாம், அதை அழிக்க உன் ஒருவனால்தான் முடியும். இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து இன்றே உனக்கு அனுப்புகிறேன், தபாலிலும் போடுகிறேன். படித்து முடித்த கையோடு அதை அழி. அந்த இடத்தில், பழுது என் அப்பா இராமலிங்கத்தால் வந்தது, அவர் தண்ணீர் இல்லாமல் ஓட்டினார், அசாருதீன் செய்த வேலை சரியான வேலை என்று என் பெயரைப் போட்டே எழுது. என் பெயரை விட்டுவிடாதே. விஷ்ணுப்ரியாவிடமும் சொல்லிவிடு, நான் சொன்னால் மழுப்பிவிடுவேன்.

உன்னிடம் பொய் சொன்னதற்கும் உன் கையால் ஒருவர் பிழைப்பில் மண் போட வைத்ததற்கும் உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், ஐயா. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் சந்தோஷமாக இருக்க வேண்டும். படகில் போகும்போது மிதவைச் சட்டை போடாமல் ஏறாதே, சாப்பிட ஏதாவது கையில் வைத்துக்கொள். இன்ஜினை எழுப்புகிற அன்று ஆசையிருந்தால் சந்தனம் வை, கற்பூரமும் காட்டு. ஆனால் சாவியைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர்க் குழாயைத் திற, கிளப்பியதும் இன்ஜினின் பின்பக்கத்தில் மெல்லிய தண்ணீர்த் தாரை வருகிறதா என்று பத்து எண்ணிப் பார், வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிடு.

உன் அப்பா,
இராமலிங்கம்