தாழம்பத்தைக்குள் விழுந்த பந்து

என் ஆசை அண்ணாவுக்கு,

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. எங்கே தெரியுமா? நீங்கள் மிதிவெடியில் உயிர்விட்ட அதே மணலில்தான். சுனாமிக்குப் பிறகு நம்ம வீடு இருந்த இடத்தில் யாரும் குடியேறவில்லை. சண்டை முடிந்ததும் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் பெரிய கிளப் ஒன்று வந்தது. புல் வளர்த்து கோல்ஃப் விளையாடுகிறார்கள். ஒரு சின்ன வெள்ளைப் பந்தைத் தூரத்துக்கு அடித்துவிட்டு, பிறகு அதையே தேடிக்கொண்டு நடக்கிறார்கள். பார்த்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

காணாமல் போகும் பந்தைத் தேடிக் கொடுப்பது என் வேலை.

மிதிவெடி எல்லாம் எடுத்தாயிற்று என்று கிளப்பிடம் அரசாங்கக் கடிதம் இருக்கிறதாம். இருக்கட்டும். கடல் இழுத்து வந்து போட்டதற்கு யாரிடம் வரைபடம் இருக்கிறது? ஆமி முகாம் வேலியடியில் புதைத்த வெடி சுனாமியோடு நம்ம வீட்டு வளவுக்கு வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தோம்?

முதல் நாளே மானம் போயிற்று. புல்லுக்குள் பாதி புதைந்து வட்டமாக ஏதோ தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் மிதிவெடி பற்றிப் படிப்பித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. தொடவில்லை. வந்த காலடியிலேயே பின்னுக்கு வந்து, தலையில் இருந்த சிவப்புத் துணியைக் கம்பில் கட்டி நட்டுவிட்டு, "ஒருத்தரும் கிட்ட வராதீங்க!" என்று கத்தினேன். ஆட்டம் நின்றுவிட்டது. அது பந்துதான், அண்ணா. எல்லாரும் சிரித்து முடிய வெகுநேரம் ஆயிற்று.

புல்வெளி பழகிவிட்டது. ஓரத்துத் தாழம்பத்தை, அந்த முள்ளுப் புதர், பழகவில்லை. பந்து அதற்குள் போனால், கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிவந்தேன். நேற்று மேற்பார்வை பார்க்கும் ஐயா பிடித்துவிட்டார்.

"பயமா புள்ள?"

"ஓம் ஐயா."

"அப்ப நீ போகாத. வெளிய நிண்டு இடத்தக் காட்டு. புதுசா வந்த மலர அனுப்பு. அவ வேற ஊர், இந்த இடத்தப் பத்தி ஒண்டும் தெரியா."

மலர் சிரித்துக்கொண்டே வந்தாள். "பந்து எங்க விழுந்த, அக்கா?" என்றாள். என் கை தானாக உயர்ந்தது. "அந்தா" என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. கையை இறக்கிவிட்டு அப்படியே குந்திவிட்டேன். மலர் உள்ளே போகவில்லை, அந்தப் பந்தை விட்டுவிட்டார்கள்.

சுனாமிக்குப் பிறகு வீட்டுச் சாமான் தேடிப் போன அன்றைக்கும் இப்படித்தானே கை நீட்டினேன்? "அண்ணா, அந்தா தாழைக்குள்ள நம்மட கதவு கிடக்கு, எடுத்துட்டு வாங்க." நீங்கள் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தீர்கள். நான் சொல்லித்தான் திரும்பினீர்கள். அது நம்ம கதவுகூட இல்லை. அம்மா இன்றுவரை நீங்களாகத்தான் அங்கே போனீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறா. என்னில் உங்களுக்குக் கோபமா?

நாளைக்கும் வேலைக்குப் போகவேண்டும். இதை விட்டால் வேறு வேலை இல்லை. பந்து எப்படியும் பத்தைக்குள் போகும்.

மலரை அனுப்ப மாட்டேன், அண்ணா. அவளுக்கு உங்களைப் பற்றிச் சொல்வேன். ஐயா விடாப்பிடியாக நின்றால் நானே உள்ளே போவேன். இனி நான் கைகாட்டி ஒருவரும் எங்கேயும் போக வேண்டாம். அதற்கு முன்னால், இன்றைக்கே அம்மாவிடமும் உண்மையைச் சொல்லிவிடுவேன். பத்தைக்குள் போவதா, அம்மாவிடம் சொல்வதா, இரண்டில் எதற்கு அதிகப் பயம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்களை அந்தப் பக்கம் அனுப்பிய
உங்கள் தங்கச்சி